நாள் முழுக்க மன்னிப்புக் கேட்ட குரலில் பாட்டு வருமா?

கேள்வி: நான் ஒரு இணைய இணைப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். ஷிஃப்ட் முழுக்க ஹெட்செட் மாட்டிக்கொண்டு போன் கால் எடுப்பதுதான் வேலை. ஒன்றை முடித்து மூச்சுவிடுவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். வாய்க்கு வந்தபடி திட்டுகிறவர்களிடமும் 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறேன்' என்று இனிமையாகச் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்தே எனக்குப் பாட்டுதான் உயிர். கீபோர்டு வாசிப்பேன், சுமாராகப் பாடுவேன். சம்பளம் வர ஆரம்பித்ததும் ஆசைப்பட்டதையெல்லாம் வாங்கினேன். பெரிய கீபோர்டு, மூன்று ஹெட்ஃபோன், நல்ல ஸ்பீக்கர், இசைத்தட்டு பிளேயர், இன்னும் உறை பிரிக்காத இசைத்தட்டுகள். இரவில் படுத்துக்கொண்டு அடுத்து என்ன வாங்கலாம் என்று போனில் தேடிக்கொண்டே இருக்கிறேன். பார்சல் வருகிற வரை சந்தோஷம். வந்த இரண்டு நாளில் அதுவும் மூலைக்குப் போய்விடுகிறது. கீபோர்டின் மேல் இப்போது துவைத்த துணிதான் மடித்து வைத்திருக்கிறேன். பாட்டு போட்டால் கொஞ்ச நேரத்தில் எரிச்சல் வந்து நிறுத்திவிடுகிறேன். ஆனால் லைனில் காத்திருப்பவர்களுக்கு எங்கள் அலுவலகத்தில் போடுகிற ஹோல்டு மியூசிக் மட்டும் தூங்கப் போகும்போதுகூட மண்டைக்குள் ஓடுகிறது. அமைதியான அறையில் காதுக்குள் மெல்லிய ரீங்காரமும் கேட்கிறது. 'பாட்டுப் பைத்தியம் போய் சாமான் பைத்தியம் பிடித்துவிட்டது' என்கிறார் அம்மா. எனக்கு இசை மேல் இருந்த ஆசை செத்துவிட்டதா? எல்லாவற்றையும் விற்றுவிடவா? வேலையை விட்டுவிடவா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் ஒரே இடத்தில் போய் முடிவதாகத்தான் எனக்குத் தெரிகிறது. உங்கள் வேலை உங்களிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது? காதையும் குரலையும். இசைக்கு நீங்கள் கொடுக்க வேண்டியதும் அதே காதும் குரலும்தான். ஷிஃப்ட் முடியும்போது இரண்டும் தீர்ந்துபோய் வீட்டுக்கு வருகின்றன. நாளெல்லாம் அடுப்படியில் நின்றவருக்குப் பசித்தாலும் சோறு இறங்காது இல்லையா, அந்த மாதிரி. ஆசை செத்துப்போனவர் இப்படி ஒரு கடிதம் எழுதியிருக்க மாட்டார். உங்களுக்குக் காது புளித்துப்போயிருக்கிறது.

இந்த வேலையைச் செய்யாதவர்களுக்கு 'உட்கார்ந்து பேசுவதுதானே' என்று தோன்றும். உங்களைப் போன்றவர்கள் ஆலோசனைக்காக என் அறைக்கு வந்து சொல்வதைக் கேட்டால் அது எவ்வளவு நுட்பமான உழைப்பு என்று புரியும். நீங்கள் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் எதிர்முனையில் ஒரு மூச்சு கேட்கும். வந்திருப்பவர் கோபமாக இருக்கிறாரா, அழப்போகிறாரா, வெறுமனே அவசரத்தில் இருக்கிறாரா என்று அந்த மூச்சை வைத்தே கணித்துவிடுவீர்கள். கை இணைப்பு எண்ணைத் தட்டிக்கொண்டிருக்கும், கண் திரையில் பழைய புகார்களைத் தேடும், ஓரத்தில் கால் நேரம் விநாடி விநாடியாக ஏறும், டீம் லீடர் நடுவில் லைனில் வந்து கேட்டுக்கொண்டிருந்தாலும் இருப்பார். இவ்வளவுக்கும் நடுவே காது, அடுத்த கத்தல் எப்போது வரும் என்று விறைத்துக்கொண்டு நிற்கும். காவல் காக்கிற கேட்டல் இது.

பாட்டு கேட்க இதற்கு நேர்மாறான நிலை வேண்டும். காவலைக் கீழே இறக்கிவைத்துவிட்டு, வருவது வரட்டும் என்று உட்கார வேண்டும். ஷிஃப்ட் முடிந்ததென்று கடிகாரம் சொன்னதும் உடம்பு கேட்டுக்கொள்வதில்லை. அதிலும் நீங்கள் வீட்டுக்கு வந்து பாட்டு கேட்க என்ன செய்கிறீர்கள்? மறுபடியும் தலையில் ஒன்றை மாட்டிக்கொள்கிறீர்கள். காலையிலிருந்து எந்த இடத்தில் அழுத்தம் இருந்ததோ அதே இடத்தில் அதே அழுத்தம். ஆறு வருடமாக அந்த அழுத்தம் வந்தால் அடுத்து யாரோ திட்டப்போகிறார்கள் என்று உடம்பு பழகியிருக்கிறது. பாட்டு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வருகிற எரிச்சலுக்குப் பாடகரும் காரணமில்லை, நீங்களும் காரணமில்லை. மூன்று ஹெட்ஃபோன் வாங்கினீர்களே, உங்கள் காதுக்கு இப்போது தேவையே இல்லாத பொருள் அதுதான்.

அடுத்தது குரல். சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷில்ட் 1983-இல், விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் ஆராய்ந்து, உணர்ச்சியைக் கூலிக்கு விற்கிற உழைப்பைப் பற்றி விரிவாக எழுதினார். சிரித்தே ஆக வேண்டிய வேலை ஒன்று, கடுகடுத்தே ஆக வேண்டிய வேலை மற்றொன்று. இரண்டிலும் உள்ளே இருப்பதும் வெளியே காட்டுவதும் வேறு வேறு. உள்ளே கொதித்துக்கொண்டு குரலில் மட்டும் இனிமை காட்டுவது ஒரு வகை. எதிராளியின் நிலையை மனதுக்குள் வரவழைத்து உண்மையாகவே இரக்கப்படுவது இன்னொரு வகை. முதல் வகைதான் ஆளை அதிகம் உறிஞ்சுகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அதற்காக 'எல்லாரிடமும் உண்மையாக இரக்கப்படுங்கள்' என்று நான் சொல்லமாட்டேன். ஒரு ஷிஃப்டில் அத்தனை பேருக்கும் சுரக்கிற இரக்கம் எந்த மனிதரிடமும் கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு 'வருந்துகிறேன்' சொன்ன குரல், அதே நாள் இரவில் மனம்விட்டுப் பாட வராததில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

இப்போது சாமான்களுக்கு வருகிறேன். அம்மா சொன்னது உங்களைச் சுட்டிருக்கிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. அவர் மூலையில் சாமான் சேர்வதைப் பார்க்கிறார், நீங்கள் வேலையில் என்ன பாடு படுகிறீர்கள் என்பதைப் பார்க்க அவருக்கு வழியில்லை. என் கணிப்பைச் சொல்கிறேன். நாள் முழுவதும் அடுத்து யாருடைய கால், எப்போது பிரேக், என்ன வார்த்தையில் பேச வேண்டும் என்று எல்லாவற்றையும் வேறு யாரோ முடிவுசெய்கிறார்கள். இரவில் போனைத் திறந்ததும் நிலைமை தலைகீழாகிறது. அங்கே நீங்கள்தான் வாடிக்கையாளர். உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கிறார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் எங்கோ ஒரு பெட்டி உங்களுக்காகக் கிளம்புகிறது. 'திருப்திதானா?' என்றுகூட விசாரிக்கிறார்கள். நீங்கள் பிறருக்குக் கொடுத்துக் கொடுத்துக் களைத்த அந்த மரியாதை உங்கள் பக்கம் திரும்பி வருகிற ஒரே நேரம் அதுதான். அதைப் பேராசை என்று நான் சொல்லமாட்டேன்.

பார்சல் வருகிற வரை மட்டும் சந்தோஷம் என்கிறீர்களே, அதற்கும் காரணம் இருக்கிறது. மான்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், தங்களுக்கு மெய்சிலிர்க்கும் இசையைக் கேட்கிறவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். சிலிர்க்கிற அந்தக் கணத்தில் மூளையில் டோபமைன் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புள்ள வேதிப்பொருள் சுரந்தது. அதற்குக் கொஞ்சம் முன்பே, 'இதோ வரப்போகிறது' என்று காத்திருக்கும் நேரத்திலும் சுரந்தது, மூளையின் வேறொரு பகுதியில். பாட்டில் பல்லவி திரும்பி வரப்போகிற நேரத்தில் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளுமே, அதுதான். எதிர்பார்ப்பிலேயே பாதி இன்பம் இருக்கிறது. பாட்டில் கிடைத்துவந்த அந்த எதிர்பார்ப்பை இப்போது நீங்கள் பார்சலில் தேடுகிறீர்கள். பாட்டென்றால் காத்திருந்தது வந்து சேர்ந்து நிறைவு தரும். பார்சலில் பெட்டி வந்ததும் காத்திருப்பு முடிந்துவிடுகிறது, பிறகு வெறும் பொருள்தான் மிச்சம். புதிய பொருளோ புதிய வசதியோ தருகிற மகிழ்ச்சி சீக்கிரமே பழைய அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று உளவியலாளர்கள் பிரிக்மனும் கேம்ப்பெலும் 1971-லேயே எழுதிவிட்டார்கள். கீபோர்டு வாங்கியபோது நீங்கள் வாங்க நினைத்தது, அதன் முன்னால் உட்கார்ந்து வாசிக்கிற ஒரு நிதானமான மாலை நேரத்தை. அது எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை.

ஆகவே, எல்லாவற்றையும் விற்றுவிடவா என்பதற்கு என் பதில்: இப்போது வேண்டாம். களைத்திருக்கிற மனது வாங்கும்போதும் அவசரப்படும், விற்கும்போதும் அவசரப்படும். கீபோர்டு கட்டாயம் இருக்கட்டும். ஸ்பீக்கரும் இருக்கட்டும். ஹெட்ஃபோனில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டை யாருக்காவது கொடுத்துவிடலாம், அதில் எனக்குத் தயக்கம் இல்லை. இசைத்தட்டுகளைப் பற்றி இரண்டு மூன்று மாதம் கழித்து யோசியுங்கள். வாங்குவதை நிறுத்த சபதம் எதுவும் எடுக்க வேண்டாம், இந்த நிலையில் சபதம் நிற்காது. ஷிஃப்ட் முடிந்த அன்றிரவு மட்டும் எதற்கும் பணம் கட்டுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடித்ததைப் பட்டியலில் போட்டு வைத்துவிட்டு விடுமுறை நாளில் பகல் வெளிச்சத்தில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவை அப்போது சாதாரணமாகத் தெரியும். அப்போதும் ஆசையாக இருப்பதை வாங்கிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் நேர்மையாகப் பாருங்கள்: வாங்கியதை வீட்டில் மறைக்கிறீர்களா, தவணை கட்ட இன்னொரு கடன் வாங்குகிறீர்களா, வாங்காவிட்டால் கை நடுங்குகிற அளவுக்குத் தவிப்பு வருகிறதா? இதில் ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றால், கடிதப் பதிலோடு நிறுத்தாமல் ஒரு மனநல ஆலோசகரை நேரில் பார்க்க வேண்டும்.

இசைக்குத் திரும்பும் வழி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஷிஃப்ட் முடிந்ததும் முதல் அரை மணி நேரம் காதுக்கு எதுவும் வேண்டாம். பாட்டு, வீடியோ, போன் பேச்சு எதுவும் வேண்டாம். வீட்டில் இருப்பவர்களிடம் 'அரை மணி நேரம் என்னை ஒன்றும் கேட்காதீர்கள், அப்புறம் நானே வந்து பேசுகிறேன்' என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால்தான் சண்டை வரும்.

அடுத்து, உங்களுக்கு உயிரான பாட்டுகளை இப்போதைக்குத் தொடாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். களைப்பும் எரிச்சலும் இருக்கிற நேரத்தில் அவற்றையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து 'இதுகூடப் பிடிக்கவில்லையே' என்று சோதித்தால், அந்த எரிச்சல் அந்தப் பாட்டோடு ஒட்டிக்கொள்ளும். அவை பத்திரமாக இருக்கட்டும். கேட்பதைவிட வாசிப்பதில் தொடங்குங்கள். துணியை எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டு, ஒலியைக் குறைத்து, ஒற்றைக் கையால் ஒரே ஒரு வரிசையை மேலும் கீழுமாக மெதுவாக வாசியுங்கள். அந்த விரலுக்கு யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை. தப்பு வந்தால் அப்படியே அடுத்த ஸ்வரத்துக்குப் போய்விடுங்கள். சலித்தால் எழுந்துவிடுங்கள்.

வேலைக்குப் பிறகு மனிதர் எப்படி மீள்கிறார் என்பதை ஜெர்மன் உளவியலாளர் சபீனே ஸோனென்டாக் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார். அவரும் சார்லட் ஃபிரிட்ஸும் 2007-இல் நான்கு விஷயங்களைப் பிரித்துச் சொன்னார்கள். வேலை நினைப்பிலிருந்து மனம் விலகுவது, உடம்பும் மனமும் தளர்வது, தன் நேரம் தன் கையில் இருப்பது, வேலைக்குச் சம்பந்தமில்லாத ஏதாவது ஒன்றில் கை தேறுவது. இந்த நான்காவது பலருக்கும் வியப்பாக இருக்கும். களைத்தவருக்கு எதற்கு இன்னொரு பயிற்சி என்று தோன்றும். ஆனால் நேற்று தடுக்கிய இடத்தில் இன்று விரல் தானாகப் போவது தருகிற தெம்பு, படுத்துக்கொண்டு போன் பார்ப்பதில் கிடைக்காது. உங்கள் வீட்டில் இருக்கிற கீபோர்டு இந்த நான்கையும் தர வல்லது.

பாடுவதற்கு முதலில் வார்த்தை வேண்டாம். நாள் முழுக்க எழுதிக்கொடுத்த ஸ்கிரிப்டைப் பேசின வாய் அது. 'ம்' என்று வாயை மூடிக்கொண்டு ஒரே சுருதியில் மூச்சு தீரும்வரை இழுத்துப் பாருங்கள். நெஞ்சிலும் உதட்டிலும் அதிர்வு தெரியும். மூச்சை நீளமாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு தணிகிறது, அது உடம்பின் இயல்பு. கொஞ்ச நாளில் வார்த்தை தானாக வந்து உட்காரும்.

ஹோல்டு மியூசிக் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். அந்த ஏற்பாட்டுக்கு ஆல்ஃபிரட் லெவி என்ற தொழிற்சாலை உரிமையாளர் 1966-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். காத்திருப்பவர் லைன் துண்டாகிவிட்டதோ என்று பயப்படக்கூடாது என்பது அவருடைய எண்ணம். காத்திருப்பவருக்கு உதவ வந்த அந்த இசை, உங்களுக்கு ஒரு கால் இன்னும் முடியவில்லை என்பதன் அடையாளமாகிவிட்டது. எப்போதும் பாதியில் அறுபடுகிற துண்டு என்பதால் மனது அதை முடிக்கப் பார்த்துத் திரும்பத் திரும்ப ஓட்டுவதாக இருக்கலாம். சிலருக்கு முழு இசையையும் ஒருமுறை கடைசிவரை கேட்டுவிட்டால் அடங்கிவிடும். இன்னொன்று விளையாட்டாகத் தோன்றும், ஆனால் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் 2015-இல் சோதித்துப் பார்த்தது: சூயிங் கம் மெல்லும்போது மண்டைக்குள் ஓடும் பாட்டு குறைகிறது. மனதுக்குள் பாட்டு ஓட வாயின் அசைவுக்கான ஏற்பாடும் சேர்ந்து வேலை செய்கிறது, அதற்கு வேறு வேலை கொடுத்துவிட்டால் பாட்டு தளர்கிறது.

ரீங்காரத்தைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது. பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம், சராசரி 80 டெசிபல் ஒலிவரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிற அளவு. 3 டெசிபல் ஏறினால் அந்த நேரம் பாதியாகக் குறைய வேண்டும். சத்தமான அறையில் எதிர்முனை கேட்கவில்லையென்று ஹெட்செட் ஒலியைக் கூட்டி வைத்திருந்தால், வீட்டில் ஹெட்ஃபோன் போடுவதற்கு முன்பே உங்கள் வாரக் கணக்கு தீர்ந்திருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து, கேட்கும் திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அலுவலகத்தில் ஒலியைக் குறைத்து வையுங்கள், ஒற்றைக் காது ஹெட்செட் என்றால் இரண்டு காதுகளுக்கும் மாற்றி மாற்றிப் போடுங்கள்.

இனி வேலை. உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் வேலைச் சோர்வில் மூன்று கூறுகளைச் சொல்வார்: சக்தி வற்றிப்போவது, எதிரே இருப்பவர் மனிதர் என்பதே மறந்து வெறுப்பு வருவது, நான் எதற்கும் லாயக்கில்லை என்று தோன்றுவது. உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் இதே மூன்றை ஒட்டித்தான் விளக்கம் கொடுத்தது. நோய் என்று சொல்லவில்லை, சரியாகக் கையாளப்படாத வேலை நெருக்கடியால் வருகிற நிலை என்றது. கையாளும் பொறுப்பு உங்கள் தலையில் மட்டும் இல்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் கடிதத்தில் முதலாவது நிறையத் தெரிகிறது, மற்ற இரண்டும் அவ்வளவாக இல்லை. அதனால் கேட்டுப் பார்க்க இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

டீம் லீடரிடம் எழுத்தில் கேளுங்கள். ஆபாசமாகத் திட்டினால் ஒருமுறை எச்சரித்துவிட்டு லைனைத் துண்டிக்க விதி இருக்கிறதா? பல நிறுவனங்களில் இருக்கும், புதிதாக வந்தவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படி ஒரு கால் முடிந்ததும் சில நிமிடம் கியூவிலிருந்து வெளியே நிற்க அனுமதி உண்டா? வாரத்தில் சில நாள் சாட் அல்லது மின்னஞ்சல் பிரிவுக்கு மாற்ற முடியுமா? உங்களுக்கு இந்த மாற்றம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம், ஏனென்றால் காதுக்கும் குரலுக்கும் ஓய்வு கிடைக்கும். ஆறு வருட அனுபவம் உள்ளவரைப் பயிற்சி கொடுக்கவோ கால்களின் தரம் பார்க்கவோ போட முடியும். தரம் பார்க்கிற வேலையிலும் ஹெட்செட் உண்டு, அதனால் பயிற்சியையே முதலில் கேளுங்கள்.

மூன்று மாதம் கொடுங்கள். கேட்ட எதுவும் நடக்கவில்லை, எதிர்முனையில் பேசுகிறவர்கள் மேல் வெறுப்பும் வர ஆரம்பித்துவிட்டது என்றால் வேறு வேலை தேடுங்கள், அதில் குற்ற உணர்வு வேண்டாம். கையில் அடுத்த வேலையோ சில மாதச் செலவுக்கான பணமோ இருக்கும்போது விடுங்கள். இனி அந்தப் பட்டியலில் வாங்காமல் நிற்கிற பொருட்களின் பணம் இதற்குத்தான் போக வேண்டும். பாட்டு மட்டுமில்லாமல் எதிலுமே ஆர்வமில்லை, தூக்கம் கெட்டுவிட்டது, மனம் கனமாகவே இருக்கிறது என்ற நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அந்த மூன்று மாதம் வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

காது பரிசோதனையின் முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். ஹெட்செட் வேலையை எவ்வளவு நாள் தொடரலாம் என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.